கல்யாணப் பத்திரிகையில் ஒரு ரயில் பெட்டி

எங்க ஜேடர்பாளையத்துக்கு ரயில் கிடையாது. காவிரிக்கு அக்கரையில ஈரோடு–கரூர் பாதை. இக்கரையில நாமக்கல்லுக்கே 2013-லதான் ரயில் வந்துச்சு. அதனாலயோ என்னமோ, ரயில் மேல எனக்குத் தீராத ஆசை.

மாதிரி ரயில் முழுசா வாங்க வசதியில்லை. சக்கரமும் மோட்டாரும் மட்டும் காசு சேர்த்து வாங்குறேன், மத்ததெல்லாம் கைவேலை. பெரம்பூர் ஐசிஎஃப் பெட்டி நீளம் சுமார் 21.3 மீட்டர். ஹெச்ஓ மாதிரி அளவுக்கு, அதாவது 87-ல ஒரு பங்காச் சுருக்கினா 24.5 சென்டிமீட்டர். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ரெண்டை ஒட்டினா சுவர் தயார். ஜன்னல் வெட்டப் புது பிளேடுதான் வேணும், பழசு அட்டையைப் பிசிறாக்கிடும். ஜன்னல் கம்பிக்குத் தையல் நூல். ஃபெவிகால் தடவி விறைப்பாக்கி, ஒவ்வொண்ணா ஒட்டணும். ஒரு பெட்டிக்கு மூணு ராத்திரி ஆகுது.

மனசுக்கு ஒப்பாதது ஒண்ணுதான். ஹெச்ஓ தண்டவாளத்தோட இடைவெளி 16.5 மி.மீ. நம்ம அகலப்பாதை 1,676 மி.மீ.; சுருக்கினா 19.3 வரணும். நம்ம பெட்டி அதுமேல நின்னா கால் ஒடுங்கின மாதிரி தெரியுது. இப்போதைக்கு ஓடட்டும்.

அடுத்தது மோகனூர் காவிரிப் பாலம். ஐஸ் குச்சி சேர்த்துட்டிருக்கேன். வீட்டுல பழைய பத்திரிகை இருந்தா தூக்கிப் போட்டுறாதீங்க, எனக்குக் குடுங்க.