தொட்டிக்கீரையும் நாளைய கவலையும்

2022 ஜூனில், உணவுக்கே தட்டுப்பாடு வந்தபோது, இலங்கை அரசு தன் ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுப்புக் கொடுத்து வீட்டுத்தோட்டம் போடச் சொன்னது. கேலி செய்தவர்கள் பக்கமும் நியாயம் உண்டு; நாலு தொட்டிக் கீரை அரிசிக்கும் எரிவாயுவுக்கும் ஈடாகாது. ஆனால் வேலை நிலைக்குமா என்றே தெரியாதவருக்கு அதில் வேறு கணக்கு இருக்கிறது. முளைக்கீரை 25, 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். பூச்சி அடித்தால் வேப்பெண்ணெய்க் கரைசல். அதையும் மீறிப் போனால் நட்டம் ஒரு பிடி விதை. செய்த வேலைக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் கிடைக்கிற இடம் அவருக்கு இப்போது வேறில்லை.

இது தப்பித்தல்தானே என்பார்கள். பூண்டு தட்டிப்போட்டுக் கீரை கடையும்போது கவலை மறந்துபோவதில்லை, சற்றே ஓரமாக உட்காருகிறது. எந்தச் செலவை வெட்டலாம் என்று நிதானமாக யோசிக்க அந்த இடைவெளி போதும். மண் இல்லாதவர்கள் வெந்தயத்தை ஈரத்துணியில் முளைகட்டலாம். மொட்டைமாடிக்குப் பூட்டுப் போடும் வீட்டுக்காரரை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.