ஓடத் தெரியாத அல்லோசாரஸ்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கற்பனைச் சாகச ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் அல்லோசாரஸ் என்ற வேட்டை டைனோசருக்குக் கிடைத்திருப்பது சில வரிகள்தான்: உயிர்ப்புள்ளி 51, ஒரு சுற்றில் 60 அடி ஓட்டம், புத்தி 2. அவற்றில் ஒரு விதி மட்டும் மிருகத்தை மனதில் நிறுத்தி எழுதியது. அது குறைந்தது 30 அடி நேராக ஓடிவந்து நகத்தால் அறைந்தால், அறைபட்டவர் பலத்துக்கான பகடையில் 13 எடுத்தாக வேண்டும். தவறினால் தரையில் விழுவார், விழுந்த கையோடு கடியும் வரும். ஒரு வேட்டையே அதற்குள் இருக்கிறது. ஆனால், தாக்குதல் எப்படித் தொடங்கும் என்று இவ்வளவு அழகாகச் சொல்லும் அந்தக் குறிப்பு, அது எப்போது நிற்கும் என்று சொல்வதில்லை. மிருகங்களை இயக்கும் ஆட்ட நடத்துநரும் கண்டுகொள்ளாவிட்டால், 51 புள்ளியும் தீரும்வரை மிருகம் நின்ற இடத்திலேயே வெட்டு வாங்கிச் சாகும். வேட்டையாடிப் பிழைக்கும் விலங்கு அப்படிச் செய்யாது என்பதுதான் என் வாதம்.

தொல்லெலும்புகளைப் பாருங்கள். 1991இல் அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்த ‘பிக் ஆல்’ என்ற அல்லோசாரஸ், முழு வளர்ச்சியை எட்டும் முன்பே செத்தது. அதன் எலும்புகளில் 19 முறிந்தோ தொற்றுக்கண்டோ இருக்கின்றன. வலது கால் விரல் ஒன்றில் தொற்று எலும்புவரை போய் அதை வீங்கவைத்திருக்கிறது. வேறொரு அல்லோசாரஸின் வால் எலும்பில், அதன் இரையான ஸ்டெகோசாரஸ் டைனோசரின் வால்முள்ளுக்குப் பொருந்தும் ஓட்டை. சுற்றிலும் எலும்பு மீண்டும் வளர்ந்த தடம். இரை திருப்பி அடித்திருக்கிறது, அடிபட்டது அதன்பின்னும் உயிரோடு இருந்திருக்கிறது. கால் போனால் வேட்டை போச்சு, வேட்டை போனால் பட்டினி. இன்றைய சிறுத்தையும் ஓநாயும் நஷ்டக் கணக்குப் பார்த்து விலகுவது இதனால்தான்.

நெருப்பு கக்கும் டிராகன் உலவும் உலகத்தில் இந்த எலும்பாராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். டிராகனுக்குப் பொன்னாசை உண்டு, அகந்தை உண்டு, பழிவாங்கும் ஞாபகம் உண்டு. ஆட்டக்காரர்கள் அதோடு பேரம்கூடப் பேசலாம். அல்லோசாரஸுக்குப் பசியும் உயிர்ப்பயமும் மட்டும்தான். இரண்டாவதையும் பிடுங்கிவிட்டால் அது வெறும் புள்ளிக் கணக்கு. இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சண்டைக்கென்று வந்து உட்கார்ந்தவர்களிடமிருந்து எதிரி பாதியில் ஓடினால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடாதா? அதோடு கதை முடிந்தால் ஆகும்தான். ஆனால் 20 புள்ளியோடு புதருக்குள் போனது பசியோடுதான் போயிருக்கிறது. இரவில் கட்டிப்போட்ட கோவேறு கழுதைக்காகத் திரும்பி வரும். காவல் வைக்க வேண்டும், அல்லது கழுதையைப் பறிகொடுத்துவிட்டு மூட்டையைத் தோளில் சுமக்க வேண்டும்.

இதொன்றும் புதுமையல்ல. இதே ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு அடிப்படைப் பதிப்பில் ஒவ்வொரு மிருகத்துக்கும் 2 முதல் 12 வரை ஒரு மனத்திட எண் இருந்தது. சண்டை மோசமாகும்போது இரண்டு பகடை உருட்டி, கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டினால் மிருகம் பின்வாங்கும். 2014 பதிப்பிலோ அது நடத்துநர் கையேட்டில் ஒரு விருப்ப விதியாகக் கிடக்கிறது. மிருகத்தின் குறிப்பிலேயே இல்லாததைச் சண்டையின் சூட்டில் யார் தேடப்போகிறார்கள்? அந்தக் குறிப்பிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்: பாதிப் புள்ளி போனால் விலகும், கூட்டைக் காக்கும்போது மட்டும் விலகாது. அப்புறம் 15 புள்ளியோடும் ஒரு அல்லோசாரஸ் அசையாமல் நின்றால், அதன் பின்னால் முட்டை இருக்கிறதா என்று ஆட்டக்காரர்களே கேட்பார்கள்.