ஆற்றங்கரையில் ஓர் ஓய்வு நாள்

டான்யூப் ஆறு ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர் ஓடிக் கருங்கடலில் கலக்கிறது. பத்து நாடுகள் அதன் கரையில் அமைந்துள்ளன. ஆற்றை ஒட்டியே மிதிவண்டிப் பாதை ஒன்றும் செல்கிறது. ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா வரையுள்ள பகுதி மட்டும் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளமுடையது. ஆற்றின் போக்கிலேயே செல்வதால் ஏற்றங்கள் மிகக் குறைவு. எனவே, சிறுவரும் முதியவரும்கூட அப்பாதையில் தயங்காமல் புறப்படுகின்றனர்.

தில்லியில் வாழும் தமிழ்ப் பெண்மணி ஒருவர், பதினைந்து வயது மகளுடன் ஒரு ஜூன் மாத விடுமுறையில் அவ்வழியே பயணம் செய்தார். எந்த நாளில் எவ்வளவு தொலைவு செல்வது, எங்கே தங்குவது என்பதையெல்லாம் திட்டமிட்டவள் மகள்தான். ஒவ்வொரு மாலையும் அன்று கடந்த தொலைவைத் தன் குறிப்பேட்டில் எழுதினாள். ஐந்து நாள்களில் அவர்கள் 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, சனிக்கிழமை மாலையில் ஸ்பிட்ஸ் என்னும் சிற்றூரை அடைந்தனர்.

"நாளை ஒரு நாள் இங்கேயே தங்குவோம், கண்ணம்மா" என்றார் தாய்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் வீணாகிறதே என்று எண்ணினாள். ஆயினும் மறுத்துப் பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரியாவில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தேவாலய மணியோசை மட்டும் கேட்டது. காலை உணவுக்கு முதலில் இறங்கிவந்த மகள், மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். தாய் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் ஊன்றி நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆயிற்று?"

"முழங்கால் வலிதான். மூன்று நாளாக இருக்கிறது."

"ஏன் சொல்லவில்லை?"

"நீ ஆசையாகப் போட்ட திட்டம் என்னால் குலைய வேண்டாம் என்று இருந்துவிட்டேன்."

மகளால் பதில் பேச முடியவில்லை. கடந்த ஐந்து நாள்களும் அவள்தான் முன்னால் சென்றாள். வளைவுகளில் நின்று தாய்க்காகக் காத்திருப்பாள்; அவர் வந்து சேர்ந்ததும் உடனே புறப்பட்டுவிடுவாள். காத்திருந்த நேரமெல்லாம் அவளுக்கு ஓய்வாக அமைந்தது. களைத்து வந்த தாய்க்கோ இறங்கி நீர் அருந்தவும் பொழுது கிடைக்கவில்லை. விரைந்து செல்பவருக்கு ஓய்வும், மெல்ல வருபவருக்கு ஓட்டமுமாகப் பயணம் நடந்திருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள்.

காலை உணவுக்குப் பின் இருவரும் விடுதியின் முற்றத்தில் மிதிவண்டிகளைத் துடைத்தனர். சங்கிலியில் ஒட்டியிருந்த மணலை அகற்றி எண்ணெய் இட்டனர். டயரில் காற்றையும் பிரேக்கையும் சோதித்தனர். அப்போது தாயின் வண்டியில் இருக்கை மிகவும் தாழ்ந்திருப்பதை மகள் கண்டாள். தாய் தம் முப்பத்தெட்டாம் வயதில்தான் மிதிவண்டி ஓட்டக் கற்றார். இரு பாதங்களும் தரையில் பதிந்தால்தான் அவருக்குத் துணிவு. அதனால் வாடகை வண்டியை எடுத்த அன்றே இருக்கையை இறக்கிவிட்டார். புறப்படும் அவசரத்தில் மகள் அதைக் கவனிக்கவில்லை. மிதிகட்டை கீழ்நிலையில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் சிறிதளவே மடங்கியிருக்க வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். ஒவ்வொரு மிதிப்பிலும் அதன் முன்பகுதியில் அழுத்தம் கூடும். மகள் இருக்கையை ஒரு விரற்கடை உயர்த்தினாள். தாய் முற்றத்திலேயே இருமுறை வலம்வந்து, "பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் காலுக்கு இதமாக இருக்கிறது" என்றார்.

உழைத்த தசைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. ஓய்வின்போதுதான் உடல் அவற்றைச் சீர்செய்கிறது. செலவான ஆற்றலையும் மீண்டும் சேமித்துக்கொள்கிறது. உலகின் தேர்ந்த வீரர்கள் பங்குகொள்ளும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலும், 21 கட்டங்களுக்கு இடையே வழக்கமாக இரண்டு ஓய்வு நாள்கள் உண்டு.

பிற்பகலில் இருவரும் மெல்ல நடந்து ஆற்றங்கரைக்குச் சென்றனர். மெல்க்கிற்கும் கிரெம்ஸுக்கும் இடைப்பட்ட அப்பள்ளத்தாக்குக்கு வாக்காவ் என்று பெயர். யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சரிவெங்கும் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்களில் திராட்சைக் கொடிகள் படர்ந்திருந்தன. ஊரை ஒட்டிய குன்றுக்கு 'ஆயிரம் வாளிக் குன்று' என்று பெயர். நல்ல விளைச்சல் ஆண்டில் அது ஆயிரம் வாளித் திராட்சை மது தரும் என்பது ஊரார் வழக்கு. ஆப்ரிகாட் மரங்களில் காய்கள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. முந்தைய நாள் மாலை இவ்வழியேதான் வந்தனர். ஆனால் மகளின் கண்ணில் இவற்றுள் ஒன்றும் பட்டிருக்கவில்லை.

ஆற்றைக் கடக்க அங்கே ஒரு படகு உண்டு. ஆற்றின் குறுக்கே உயரத்தில் கட்டப்பட்ட இரும்பு வடத்தோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. படகோட்டி அதைச் சற்றே சாய்வாகத் திருப்புகிறார். நீரோட்டம் பக்கவாட்டில் மோதிப் படகை மறுகரைக்குத் தள்ளிச் செல்கிறது. இயந்திரமும் இல்லை, துடுப்பும் இல்லை. தாயும் மகளும் அதில் ஏறி மறுகரைக்குச் சென்று, அடுத்த நடையில் திரும்பினர். மாலையில், முழு ஆப்ரிகாட் பழத்தை மாவினுள் பொதிந்து வேகவைத்த உருண்டையை உண்டனர். "இது நம் கொழுக்கட்டைக்கு உறவு போலிருக்கிறது" என்று தாய் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதன்முறை.

அன்றிரவு மகள் குறிப்பேட்டில் தொலைவு என்னும் இடத்தில் 0 என்று எழுதினாள். பிறகு, மீதி நாள்களுக்கான திட்டத்தை அடித்துவிட்டு, தாயின் அருகில் அமர்ந்து அவரைக் கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதினாள்.

திங்கட்கிழமை காலையில் தாய் முன்னே சென்றார். மகள் பின்னே சென்றாள். தாய் நின்ற இடங்களில் அவளும் நின்றாள். மூன்றாம் நாள் மாலை இருவரும் ஒன்றாகவே வியன்னாவை அடைந்தனர். உடன் வருபவரின் களைப்பை அறிந்து நடப்பதே நல்ல பயணம். அதை அறிவதற்கு ஓய்வு நாளும் வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. தாய் தம் வலியை மூன்று நாள் ஏன் மறைத்தார்?
2. வாக்காவ் படகு இயந்திரமின்றி ஆற்றைக் கடப்பது எவ்வாறு?
3. உங்கள் குடும்பத்துடன் சென்ற பயணம் ஒன்றில், மற்றவருக்காக நீங்கள் காத்திருந்த நிகழ்வைப் பத்து வரிகளில் எழுதுக.