ஒரு கருத்துரைக்கு இரண்டு பயனர்

கருத்துரையை நீக்கும் கன்ட்ரோலருக்கு டெஸ்ட் எழுத உட்காருபவருக்குக் கருத்துரை மட்டும் போதாது. அது ஒட்டிக்கொள்ள ஒரு பதிவும், எழுதிய பயனரும் டேட்டாபேஸில் இருக்க வேண்டும். 2016இல் வந்த ரெயில்ஸ் 5 வலைச் சட்டகம், புதிய செயலிகளில் இந்தச் சொந்தபந்தத்தைக் கட்டாயமாகவே ஆக்கிவிட்டது.

டெஸ்டுக்கான மாதிரித் தரவை எழுதிவைக்கும் ஃபிக்ஸ்சர் கோப்பில், கருத்துரைக்குப் பயனரின் பெயர் ‘கமலா’ என்று குறித்தால் போதும். அந்தப் பெயரிலிருந்தே ஐடியைக் கணக்கிட்டு ரெயில்ஸ் இணைத்துவிடும். எத்தனை அழகான ஏற்பாடு!

அந்தத் தரவை டெஸ்டுக்குள்ளேயே உருவாக்கித் தரும் ஃபேக்டரிபாட் நூலகத்தில்தான் கவனம் தேவை. ஒரு கருத்துரை கேட்டால், வழக்கமான அமைப்பில் அதற்கொரு பயனர், அதன் பதிவுக்கு இன்னொரு பயனர் என்று இருவர் பிறந்துவிடுவார்கள். கருத்துரைக்காரராக லாகின் செய்துவிட்டு, ‘பதிவின் உரிமையாளர் நீக்கலாம்’ என்ற விதியைச் சோதித்தால், சரியான நிரலும் 403 என்று மறுக்கும். பயனரை முதலில் உருவாக்கி, அவரையே இரண்டுக்கும் கொடுத்தால் டெஸ்ட் பச்சைக்கு வரும்.