தூசியை வீட்டை விட்டே அனுப்பும் குழாய்

ஆடிக்காற்று வீசினால் சேந்தமங்கலத்து வீடுகளில் புழுதிக்குப் பஞ்சமில்லை. சீமாறு போட்டால் பாதி முறத்துக்கு வரும்; மீதி எழும்பி மின்விசிறி இறக்கையில் போய் ஒட்டும். இழுப்பு உள்ளவர்களுக்கு அந்த நேரம்தான் இருமல் பிடிக்கும்.

சாதாரண வாக்குவம் கிளீனரும், நல்ல வடிகட்டி இல்லாவிட்டால், நுண்தூசியை அதே அறையில் திருப்பி ஊதிவிடும். சென்ட்ரல் வாக்குவம் இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. மோட்டாரும் தூசித் தொட்டியும் கார் ஷெட்டில் இருக்கும். சுவருக்குள் 2 அங்குல பிவிசி குழாய் ஓடும். சுவரில் உள்ள மூடியைத் திறந்து ஹோஸைச் செருகினால் போதும், உறிஞ்ச ஆரம்பித்துவிடும். வெளியேறும் காற்றை வீட்டுக்கு வெளியே விட்டுவிடலாம். கனமான இயந்திரத்தை மாடிப்படியில் தூக்கவும் வேண்டாம். வயதானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

யோசனை பழசு. டேவிட் கென்னி 1902-இல் பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரிக் கட்டடத்தில் நீராவி இயந்திரத்தோடு இதை நிறுவினார்.

புதுவீடு கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே குழாயைப் பதித்துவிட வேண்டும். பிறகென்றால் சுவரை உடைக்கணும். வளைவுகளில் செங்கோண எல்போ வேண்டாம், நீள வளைவுதான் சரி. இல்லையென்றால் முடியும் நூலும் அங்கேயே அடைத்துக்கொள்ளும்.