இருவழிச் சீட்டு

கடல் கடக்கும் பயணத்தைத் திட்டமிடுவது அடிப்படையில் இணைப்புகளைப் பற்றிய கணக்கு. எந்த ரயில் எந்தக் கப்பலுக்கு முன்னால் போய்ச் சேர்கிறது, கப்பல் இறக்கிவிடும் துறையில் பேருந்து கிடைக்குமா, அந்தப் பேருந்து கடைசிப் படகைப் பிடித்துத் தருமா என்பதே அதன் சாரம். ஆனி மாதத் திருவிழாவுக்கு நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்குப் போய், அப்படியே காரைநகர் கசூரினா கடற்கரையில் இரண்டு நாள் தங்கி வரலாம் என்று சில மாதங்களாக அம்பத்தூரில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தாளில் அது எளிமையாகவே இருக்கிறது. எழும்பூரில் இரவு காரைக்கால் விரைவு வண்டி ஏறினால் விடியலில் நாகப்பட்டினம். அங்கிருந்து காங்கேசன்துறைக்குச் சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரக் கப்பல் பயணம். பிறகு யாழ்ப்பாணம். அங்கிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று தீவுகளைக் கோத்துச் செல்லும் சாலையில் குறிகட்டுவான் துறை. அதன்பின் சிறு படகில் நயினாதீவு. ஆனால் இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணிதான் மிக மெல்லியது. 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பலோடு தொடங்கிய சேவை, பருவமழையைக் காரணம் காட்டிச் சில நாட்களிலேயே நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. அதற்கு முன் 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விடப்பட்ட 'ஸ்கோஷியா பிரின்ஸ்' அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே நின்றுபோனது.

நூறாண்டுகளுக்கு முன் இந்தக் கணக்கு இவ்வளவு தடுமாறவில்லை என்பது வியப்பளிக்கிறது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே சீட்டில் போக முடிந்தது. ரயில் தனுஷ்கோடித் துறைவரை சென்றது. நீராவிக் கப்பல் தலைமன்னாரில் இறக்கியது. அங்கே இன்னொரு ரயில் காத்திருந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம்பெயர்ந்தது. எண்பதுகளில் போர் வந்து அதையும் நிறுத்தியது. ராமேஸ்வரம் வண்டியைப் 'போட் மெயில்' என்று சொல்லும் வழக்கம் மட்டும் படகு போன பின்னும் மிஞ்சியிருக்கிறது.

இந்தப் பழைய பெருமையை ஒரு மாலையில் எங்கள் தெருப் பெரியவரிடம் சொன்னேன். அவர் வேலணைக்காரர். 1990இல் தீவுப்பகுதியிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து, மன்னார்க் கரையில் படகேறி, ஒரு நள்ளிரவில் அரிச்சல்முனை மணலில் இறக்கிவிடப்பட்டவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் லேத் ஓட்டியவர். நான் சொல்லி முடித்ததும், "எங்களை முதல் வைச்சிருந்தது மண்டபம் முகாமிலை தம்பி. அது ஆர் கட்டினது தெரியுமோ?" என்று கேட்டார்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைத் தடுத்துவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவதற்காக அன்றைய இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாம் அது. ஒரே சீட்டில் கொழும்புக்குப் போனவர்கள் அதைத் தாண்டி விரைந்தார்கள். தோட்டங்களுக்குப் போனவர்கள் அங்கே நாட்கணக்கில் காத்திருந்தார்கள். பிற்காலத்தில் எதிர்த்திசையில் வந்த அகதிகளுக்கும் அதே இடம் தங்குமிடமானது. நான் மெச்சிய அந்தக் கால அட்டவணைக்கு அன்றே இரண்டு பத்திகள் இருந்திருக்கின்றன.

இது நம் கடலுக்கு மட்டும் உரியதன்று. துருக்கியின் போட்ரும் கடற்கரையிலிருந்து கிரேக்கத் தீவான கோஸுக்கு உல்லாசப் பயணிகள் கப்பலில் சற்று நேரத்தில் போய்விடலாம். 2024இல் துருக்கியர்களுக்குக் கிரேக்கம் சில தீவுகளில், போய் இறங்கும் துறையிலேயே ஏழு நாள் அனுமதி தரத் தொடங்கியது. அதே நீரிணையைக் கடக்க முயன்றபோதுதான் 2015 செப்டம்பரில் சிரியச் சிறுவன் ஆலன் குர்தி இறந்தான்.

பெரியவருக்கு விமானத்தில் விருப்பமில்லை. முப்பத்தைந்து ஆண்டுச் சேமிப்பான தையல் இயந்திரம், பித்தளைப் பாத்திரங்கள், மனைவியின் படம் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும் என்கிறார். 2011இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு ஊர் திரும்பிய சிலர் தூத்துக்குடிக் கப்பலில் சென்றது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூடுதல் சுமையை எடுத்துப்போக முடிந்தது என்பதே அவர் அதில் கவனித்த செய்தி. ஆனால் அவரிடம் கடவுச்சீட்டு இல்லை. இலங்கைத் துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் வாங்க வேண்டும். இந்தியாவை விட்டு வெளியேற அனுமதி பெற வேண்டும். போனால் இங்குள்ள அகதிப் பதிவு முடிந்துவிடும். மகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறார்கள்.

"நீங்கள் போயிட்டு வாறதுக்குக் கணக்குப் போடுறியள் தம்பி. எனக்குப் போறதுக்கு மட்டுந்தான் கணக்கு. அதுதான் போடப் பயமாக் கிடக்கு" என்றார்.

ஒரு கடல்வழி எப்போது முழுமையடைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. கப்பல் ஓடினால் மட்டும் போதாது. மழைக்காலத்திலும் நிற்காமல் ஓடினால்கூடப் போதாது. அதில் போகிறவர்களில் ஒருவருக்குத் திரும்பி வரும் உரிமை இல்லையென்றாலும் அது அவர் அளவில் பாதி வழிதான். 1914இன் ஒற்றைச் சீட்டை நாம் மீட்டெடுக்கக்கூடும். மண்டபத்தில் காத்திருக்க வேண்டியவர்கள் என்று ஒரு பிரிவை அதோடு சேர்த்து மீட்டெடுக்காமலிருப்பதுதான் கடினம்.

குறிகட்டுவான் பேருந்து வேலணை வழியாகத்தான் போகும். கோவிலடியில் இறங்கி, தன் வளவில் வேலியோரம் நிற்கும் பனைகளை எண்ணிக்கொண்டு வரும்படி கேட்டிருக்கிறார். அவர் விட்டுவந்தபோது பதினொன்று இருந்தனவாம். அதற்காக என் கணக்கில் வேலணைக்கு ஒரு பகல் ஒதுக்கியிருக்கிறேன்.