சாம்பல் பூத்த தளிர்கள்

குமரி மாவட்டத்து மலையோரப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றியபோது, கோவிலுக்கென ஏறத்தாழ 400 ரப்பர் மரங்கள் இருந்தன. அவற்றில் பால் வெட்டியவர் நம்மிலும் வயதில் மூத்தவர். அதிகம் பேசமாட்டார். 2016-ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில் ஒருநாள் பங்கு இல்லத்தின் படியருகே வந்து நின்றார்.

"பாதர், கொழுந்து வருது. பனியும் இறங்குது. இப்பவே கந்தகம் தூவணும்."

செலவைக் கேட்டோம். கையிருப்பில் இருந்தது திருவிழாப் பணம். "பார்ப்போம்" என்றோம். பங்குத்தந்தையர் 'பார்ப்போம்' என்றால் என்ன பொருள் என்பது அவருக்குத் தெரியாததன்று.

இலை முழுவதையும் உதிர்த்த ரப்பர் மரம் செம்பு நிறத் தளிர் விடும். அத்தளிர் முற்றிப் பச்சையாகும்வரை உள்ள சில வாரங்களே கண்டம். சாம்பல் நோயை உண்டாக்கும் பூசணம் முற்றிய இலையை அவ்வளவாகத் தீண்டுவதில்லை; உயிருள்ள இளந்தளிரிலேயே அது வாழும். குளிர்ந்த இரவும் மூடுபனியும் அதற்கு உகந்தவை. 1918-இல் ஜாவாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்நோய், ரப்பர் விளையும் நாடுகள் பலவற்றிற்கும் பரவிவிட்டது. இவற்றையெல்லாம் நாம் பிற்பாடுதான் படித்தோம்.

அவ்வாண்டு பிப்ரவரி 10, திருநீற்றுப் புதன். மக்களின் நெற்றியில் சாம்பல் பூசிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்தோம். தளிர்களின் மேல் வெண்பொடி படிந்திருந்தது. விரலால் துடைத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. பத்து நாளில் தளிர்கள் சுருண்டு உதிர்ந்தன. காம்புகள் மட்டும் துடைப்பக் குச்சிகளாகக் கிளையில் நின்றன. பூங்கொத்துகளும் கருகின.

மரம் மறுபடி தளிர்த்தாக வேண்டும். அதுவரை வெட்டினால் மரம் தளர்ந்துவிடும். வெட்டு இல்லையேல் அவருக்குக் கூலி இல்லை. கூடுதலாக ஒன்றரை மாதம் சிரட்டைகள் கவிழ்ந்தே கிடந்தன. அவர் சல்லிச் சூளைக்குச் சுமை தூக்கப் போனார். மனைவியின் கம்மல் அடகுக்குப் போனதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தோம். நம்மிடம் அவர் ஒரு சொல்லும் குறையாகக் கூறவில்லை. தவக்காலம் முழுவதும் பகிர்தலைப் பற்றி மறையுரை ஆற்றிக்கொண்டிருந்தோம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மே மாதத் திருவிழாவில் வாணவேடிக்கை சிறப்பாக நடந்தது.

மறு ஆண்டு, தளிர் அரும்பியதுமே கந்தகம் வாங்கினோம். ஒரு முறைக்கு எக்டேருக்கு 11 முதல் 14 கிலோ. வாரம் பத்து நாள் இடைவெளியில் பல முறை. பொழுது புலருமுன் தூவ வேண்டும். அப்போதுதான் காற்று அசையாது. பனி ஈரத்தில் தூள் ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தை முதுகில் சுமந்து அவர் முன்னே நடக்க, விளக்கைப் பிடித்துக்கொண்டு நாம் பின்னே சென்றோம். மஞ்சள் புகைபோல் தூள் மரத்தலைகளுக்குள் ஏறியது. கண் எரிந்தது.

நேரே காலைத் திருப்பலிக்கு வந்துவிட்டோம். முன்வரிசையில் பாட்டி ஒருவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கடைசித் தூணருகே நின்றவர், தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.